வாசம் தொட்டிக்குள் போனால் தோட்டத்துக்கு என்ன மிஞ்சும்?

ஐஸ்கிரீமில் வருகிற வனிலா வாசத்துக்கு வனிலாக் கொடி தேவையில்லை என்பது பழைய செய்தி. உலகத்தில் விற்கிற வனிலினில் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் கொடியில் காய்த்ததில்லை. பெரும்பகுதி பெற்றோலியத்திலிருந்து செய்தது. புதுச் செய்தி, பற்றீரியாவும் அதைச் செய்யும் என்பது. 2021இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிளாஸ்டிக் போத்தலைச் சிதைத்தால் வரும் டெரெப்தாலிக் அமிலத்தை, மரபணு மாற்றிய ஈ.கோலை பற்றீரியாவிடம் கொடுத்து, அதில் 79 சதவீதம் வரை வனிலினாக மாற்றிக் காட்டினார்கள்.

இதை எல்கடுவயில் இருந்து ஏன் பேசணும்? மாத்தளை மாவட்டம் என்றாலே மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா. வனிலாவுக்கு நடந்தது நாளைக்கு இவற்றுக்கும் நடக்கலாம்.

நாங்கள் கலைப்பீட ஆட்கள்தான், ஆனா இது விளங்காத விஷயம் இல்லை. பற்றீரியா சீனியைத் தின்று, தன் உடம்புக்குத் தேவையான பீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்கிறது. வாச மூலக்கூறுகள் பலவற்றுக்கும் அடிப்படையான பென்சீன் வளையம் அதிலேயே இருக்கு. தாவரத்தின் ஒரு மரபணுவை உள்ளே வைத்தால் அது சினமிக் அமிலமாகும். இன்னும் இரண்டு படி தாண்டினால் சினமால்டிஹைட், அதாவது கறுவாவின் வாசம். ஆய்வுகூடத்தில் இதையும் செய்துவிட்டார்கள். ஒரேயொரு சிக்கல்: கறுவா கிருமியைக் கொல்லும். தான் செய்த வாசமே அளவுக்கு மிஞ்சினால் பற்றீரியா செத்துப்போகும். அந்தச் சிக்கல் தீரும்வரைதான் எங்களுக்கு அவகாசம்.

நாங்கள் இந்த விஞ்ஞானத்துக்கு எதிரானவர்கள் இல்லை. குப்பைப் பிளாஸ்டிக்கில் இருந்து வாசம் எடுப்பது நல்ல வேலைதான். எங்கள் கேள்வி, பயிரின் பெறுமதி விழும்போது யார் தலையில் விழுது என்பது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் கம்பனி செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, இந்தியாவின் அவுரி வியாபாரம் சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. எங்கள் மலையிலும் ஒரு கதை இருக்கு. 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். உழைத்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். காணி உள்ளவன் பயிரை மாற்றுவான். நாட்சம்பளக்காரன் எதை மாற்றுவான்?

தப்பிக்க வழியே இல்லையா என்றால், இருக்கு. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் கறுவா' என்ற பெயருக்குப் புவியியல் குறியீடு கொடுத்தது. மூலக்கூறைத் தொட்டியில் வளர்க்கலாம், ஊர்ப்பெயரை வளர்க்க முடியாது. ஆனா அதே ஒன்றியத்தின் சட்டப்படி, நுண்ணுயிர் வழியாக எடுத்த சுவைப்பொருளும் 'இயற்கை' என்ற பெயரில் விற்கப்படலாம். அதனால 'எங்களுடையது இயற்கை' என்று மட்டும் சொல்லி இனிச் சந்தையில் நிற்க முடியாது. எங்கே, யார் கையால் விளைந்தது என்று சொல்லணும். அப்படிச் சொல்ல, விளைவித்தவர் பெயரில் காணி இருக்கணும்.

2023இல் மலையகம் 200ஐ நினைவுகூர்ந்து தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தவர்களும் காணி உரிமை கேட்டார்கள். வீட்டுக்கு ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று பேசுறாங்க. வீடு கட்டினது போக எத்தனை மிளகுக்கொடி நடலாம்? பயிர்செய்யக் காணி வேணும். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கு. அதன் அறிவு தமிழில் லயம்வரை வரணும். தோட்டப் பள்ளிக்கூடங்களில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு வேணும். அப்போ அந்தப் பற்றீரியாவை வடிவமைக்கிற மேசையிலும் எங்க பிள்ளை ஒன்று உட்காரும்.

தொட்டி வரப்போவது நிச்சயம். அது வருவதற்கு முதல் காணி வரணும் என்பதே எங்கள் நிலைப்பாடு.