டயருக்குள் ரப்பர் பால்!

சைக்கிள் டயருக்குள் பால் ஊற்றுகிறார்கள்!

மாட்டுப் பால் அல்ல, ரப்பர் பால். அதில் வேறு சில பொருள்களையும் கலந்து புட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதை டயருக்குள் ஊற்றிக் காற்று அடிக்கிறார்கள். உள்ளே டியூப் கிடையாது. முள் குத்தினால் காற்று வெளியே பாயும். காற்றோடு பாலும் ஓடிவந்து, ஓட்டையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்குப் பல சமயம் முள் குத்தியதே தெரியாது!

மலைப் பாதையில் ஓட்டும் சைக்கிள்களில் இன்று இது சாதாரணமாகிவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், இதற்குப் பணம் கொடுக்கிறவர்கள் பலர் அதன் முழுப் பயனை அடைவது இல்லை. குற்றம் டயரில் இல்லை. தேர்ந்தெடுப்பதிலும் மாட்டுவதிலும் இருக்கிறது.

"பாம்புக் கடி"

அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு அருகே டமல்பையஸ் என்று ஒரு மலை இருக்கிறது. 1970-ம் ஆண்டுகளில் சில வாலிபர்கள், பருத்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை அந்த மலைக்குக் கொண்டுபோனார்கள். மண் பாதையில் வேகமாக இறங்கினார்கள். மலை சைக்கிள் விளையாட்டு வளர்ந்தது இப்படித்தான்.

கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் டியூப் பெரிய தொல்லை. சக்கரம் கல்லில் மோதும்போது, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கும். அருகருகே இரண்டு ஓட்டை விழும். பாம்பின் பல் பட்டதுபோல இருக்கும். அதனால் "பாம்புக் கடி" என்றே அதற்குப் பெயர்!

கடிக்குப் பயந்து காற்றை இறுக்கி அடித்தால் வேறு தொல்லை. டயர் கட்டைபோல ஆகிவிடும். கல்லில் துள்ளும், வளைவில் வழுக்கும். டியூப்பை எடுத்துவிட்டால், நசுங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. காற்றைக் குறைக்கலாம். டயர் பாதையை நன்றாகப் பிடிக்கும்.

1999-ல் பிரான்சு நாட்டு மாவிக் கம்பெனி, டியூப் இல்லாத மலை சைக்கிள் சக்கரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு ஸ்டான் கோசியாடெக் என்ற அமெரிக்கர், ரிம்மில் நாடா ஒட்டிப் பால் ஊற்றும் முறையைப் பரப்பினார்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இந்தப் பாலுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அங்கே ஒரு முள் சைக்கிள்காரர்களை வாட்டுகிறது. கொம்பு முளைத்திருப்பதால் அதை "ஆட்டுத் தலை" என்கிறார்கள். அது வேறு எதுவும் அல்ல, நம் ஊர் நெருஞ்சி முள்தான்!

எடைக் குறைவு வீண் ஆசை

கடையில் டயர் வாங்குகிறவர் முதலில் என்ன செய்கிறார்? கையில் தூக்கிப் பார்க்கிறார். இலேசான டயர் என்றால் மகிழ்கிறார். இங்கேதான் ஏமாறுகிறார்.

டயரை இலேசாக்கப் பக்கச் சுவரை மெல்லியதாக்குகிறார்கள். முள் குத்திய சிறு ஓட்டையைப் பால் அடைக்கும். கூரான கல் பக்கச் சுவரைக் கிழித்தால் பால் என்ன செய்யும்? அத்தனையும் மண்ணில் கொட்டும். இருநூறு கிராம் மிச்சம் பிடித்தவர், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். கல் நிறைந்த பாதைக்குத் தடித்த பக்கச் சுவரே ஏற்றது. முக்கியமாகப் பின் சக்கரத்துக்கு. ஆளின் எடை அதில்தான் அதிகம் இறங்குகிறது. முன் சக்கரத்துக்கு நல்ல பிடிப்புள்ள, பெரிய கட்டைகள் வைத்த டயர் வேண்டும். முன் சக்கரம் வழுக்கினால் ஆள் விழுவது நிச்சயம்.

ரிம்மும் முக்கியம். டியூப் இல்லாமல் ஓட்டுவதற்கென்றே செய்த ரிம்மாக இருக்க வேண்டும். டயரும் அப்படியே. பழைய ரிம்மில் நாடாவைச் சுற்றிவிட்டு மலையேறுவது ஆபத்து. இறக்கத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றால் எலும்பு முறியும். இந்தச் சிக்கனம் வேண்டாம்.

மாட்டுவது எப்படி?

ரிம்மைத் துடைத்து, நாடாவை இறுக்கமாக ஒட்ட வேண்டும். பொறுமை வேண்டிய இடம் இது. நாடாவில் சுருக்கம் விழுந்தால் ஆரக்கம்பித் துளை வழியாகக் காற்று கசியும். அப்புறம் பாலைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பிறகு வால்வைப் பொருத்தி, டயரை மாட்டி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். சக்கரம் ஒன்றுக்குச் சுமார் 100 மில்லி பால் ஊற்றிக் காற்றை வேகமாக அடித்தால், "டப், டப்" என்று சத்தம் கேட்கும். டயர் ரிம்மில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். சத்தம் வரவில்லையே என்று கண்டபடி அடிக்கக் கூடாது. டயரிலும் ரிம்மிலும் உச்ச அளவு போட்டிருக்கும். இரண்டில் எது குறைவோ, அதைத் தாண்டக் கூடாது. கடைசியில் சக்கரத்தைச் சுற்றி, குலுக்கிப் பால் எங்கும் பரவச் செய்ய வேண்டும்.

ஓட்டும்போது எவ்வளவு காற்று? 70 கிலோ எடையுள்ளவர், 2.4 அங்குல டயரில், முன்னால் 22 பவுண்டு, பின்னால் 25 பவுண்டு என்று தொடங்கலாம். பிறகு ஒவ்வொரு பவுண்டாகக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். ரிம் கல்லில் இடிக்கிற சத்தம் கேட்டால் காற்று போதாது.

ஊற்றிய பால் என்றைக்கும் அப்படியே இருக்காது. இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் காய்ந்துவிடும். வெயில் ஊரில் இன்னும் சீக்கிரம். டயர் கெட்டியாக இருக்கிறதே என்று நம்பி ஓட்டுகிறவர், உள்ளே காய்ந்த ரப்பர் ஆடையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்!

தார் ரோட்டில் பள்ளிக்கும் கடைக்கும் போய் வருகிற சைக்கிளுக்கு இதெல்லாம் தேவையா? தேவை இல்லை. அதற்கு டியூப்பும் பஞ்சர் ஒட்டும் பசையும் போதும். செலவும் குறைவு.

மலைக்குப் போகிறவரும் பையில் ஒரு டியூப் வைத்திருப்பது நல்லது. பால் கைவிட்டால் அதை மாட்டி வீடு திரும்பலாம். ஆனால், மாட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைக் கவனமாகத் தடவிப் பார்க்க வேண்டும். பால் இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த முட்கள் எல்லாம் அங்கேதான் நீட்டிக்கொண்டிருக்கும்.