கார்புரேட்டர் போச்சு என்கிறவர்களுக்கு



சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. தம்பி மகனின் பழைய மொபெட்டில் இவ்வளவுதான் கோளாறு. அடிக் கிண்ணத்தைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், "கார்புரேட்டர் போச்சு, புதுசு போட்டுடலாம்" என்றிருக்கிறார் மெக்கானிக். இவனும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவன், வண்டி இரண்டு நாள் நின்றால் என்ன செய்வான்?

என்ன போச்சு? உள்ளே இருப்பது ஒரு மிதவை, ஒரு ஊசி, இரண்டு பித்தளை ஜெட். தேய வருடக்கணக்காகும். அடைத்துக்கொள்ள, பெட்ரோலோடு சில மாதம் சும்மா நின்றாலே போதும். பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஸ்லோ ஜெட்டின் ஊசிமுனைத் துளையை மூடிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். அந்தத் தண்ணீர் கிண்ணத்தின் அடியில் தங்கும். காற்றைக் குறைத்தால் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்.

இன்னொரு ரகம், வண்டியைக் கண்டதும் ஸ்குரூவைத் திருகுகிறவர்கள். அடைப்பைத் திருகி எடுக்க முடியுமா? முதலில் ஜெட்டைக் கழற்றி கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். ஏர் ஃபில்டரையும் பாருங்கள். பிறகு இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, சீராக வேகம் கூடும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசியில் ஐடிலிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள். கொஞ்சநாள் ஓட்டிவிட்டு ப்ளக்கைப் பாருங்கள்: கரிபடிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு, காப்பிப்பொடி நிறம் சரி. (2020-க்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். அதில் இந்தத் திருகலே இல்லை.)

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். புதுப் பொருளுக்குக் கேட்ட விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம். அதே மனிதர் உட்கார்ந்து சுத்தம் செய்து தந்தால், "இதுக்குப் போய் இருநூறா?" என்று பேரம் பேசுகிறோம். பிறகு அவர் ஏன் குனிந்து ஜெட்டைக் கழற்றப் போகிறார்? சுத்தம் செய்யச் சொல்லுங்கள், கூலியை முழுதாகக் கொடுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கழற்றிய பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.