எல்லோரும் உ.வே.சா. அல்ல

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் அந்த ஆண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையர், அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்கிறார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலரும் என்று ஐயர் எதிர்பார்க்கிறார். மலரவில்லை. படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்குகிறார். அதற்கும் அசைவில்லை. பிறகு பேச்சு சீவக சிந்தாமணிக்குத் திரும்புகிறது. 1887-இல் அந்த நூல் ஐயரின் பதிப்பாக அச்சேறியது.

இதை ஐயர் 'என் சரித்திரம்' தொடரில் எழுதியது ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து. ஆனந்த விகடனில் 1940-இல் தொடங்கிய அத்தொடர், 1942-இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்த மனிதர் அவர்; தேதிக்கு அவை உதவியிருக்கலாம். எதிரே இருந்தவரின் முகம் மலராமல் போனதை எந்தக் கடிதமும் சொல்லாது.

இப்படிப்பட்ட நினைவாற்றலை வியக்கலாம். ஆனால் அதையே அளவுகோலாக்கி வீட்டுப் பெரியவர்களை அளப்பதுதான் அநியாயம்.

நடந்ததை அறிந்திருப்பது வேறு, அதை மனத்துக்குள் மறுபடி வாழ்வது வேறு என்று உளவியலாளர் எண்டெல் டல்விங் 1972-இலேயே பிரித்துக் காட்டினார். எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று தனக்கு என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரு பெண்ணைப் பற்றி 2006-இல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2015-இல் டொரண்டோவிலிருந்து நேர் எதிரான செய்தி வந்தது: வேலை, அன்றாட வாழ்க்கை எதிலும் குறையில்லாத மூவரால் தங்கள் கடந்த காலத்தின் ஒரு காட்சியைக்கூட மீண்டும் அனுபவிக்க முடியவில்லை. நடந்தது தெரியும்; கண்முன் வராது. நோயோ முதுமையோ காரணமில்லை.

காவிரி டெல்டாவில் இந்த வேறுபாட்டை 'கஜா' பேச்சில் கேட்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த அந்தப் புயலைப் பற்றிப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஒருவர் காற்றின் இரைச்சலையும் ஓடு பறந்ததையும் சொல்வார். இன்னொருவர் விழுந்த தென்னை எத்தனை, அவற்றின் வயது என்ன என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். கேட்பவர்கள் முதலாமவரைத்தான் நம்புகிறார்கள். ஆனால் அதிசய நினைவாற்றல் கொண்டவர்களும் மற்றவர்களைப் போலவே பொய் நினைவுகளுக்கு ஆளாகிறார்கள் என்பது 2013-இல் வந்த ஆய்வின் முடிவு. விவரிப்பின் அழகு உண்மைக்கு உத்தரவாதமல்ல. வாக்குமூலம் வாங்கும் அதிகாரிகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஊர் வரலாற்றைப் பதிவுசெய்யக் கிளம்பும் கல்லூரி மாணவர்களுக்கும் இது பொருந்தும். "அன்னிக்கு என்ன பார்த்தீங்க தாத்தா?" என்று கேட்டு, பதில் வராததும் கருவியை அணைத்துவிடக் கூடாது. 1960-களில் ஆடுதுறை 27 நெல் ரகம் குறுவைக்கு வந்தபோது மாவுக்கு எத்தனை கலம் கண்டது, நாற்று யார் வயலிலிருந்து வந்தது, கூலி நெல்லாகவா பணமாகவா என்று கேட்டுப் பார்க்கட்டும். காட்சியில்லாத நினைவிலிருந்து அரைமணி நேரம் பேச்சு வரும். அதையும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.