கத்தியும் கட்டும்

இறப்பு நேராத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வருமாறு புத்தர் பெருமான் ஒரு தாயிடம் சொன்ன கதையை நேயர்கள் அறிவார்கள். இக்காலத்தில் முழங்கால் வலி இல்லாத வீட்டிலிருந்து கடுகு கேட்டாலும் அநேகமாய் வெறுங்கையுடனேயே திரும்ப வேண்டியிருக்கும். பாட்டியால் மாடிப்படி ஏற முடிவதில்லை; தாத்தாவால் சம்மணமிட்டு உட்கார முடிவதில்லை. "ஆபரேஷன் செய்துவிடலாம்" என்கிறார் ஒருவர். "கத்தியே வைக்கக் கூடாது" என்று தடுக்கிறார் மற்றொருவர். இருவருக்கும் நடுவே குடும்பத்தின் சேமிப்பும், சில சமயம் வீட்டுப் பெண்களின் வளையல்களும் ஊசலாடுகின்றன. இந்த வழக்கில் சாட்சி சொல்லக்கூடிய ஆராய்ச்சிகள் சில இந்நூற்றாண்டில் நடந்திருக்கின்றன. அவற்றைச் சற்று விசாரிப்போம்.

முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு ரண சிகிச்சை வெகுகாலம் பிரசித்தமாயிருந்தது. சிறு துவாரத்தின் வழியே மூட்டுக்குள் மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தி, உள்ளே கழுவி, பிசிறுகளைச் சீவி எடுப்பார்கள். செய்துகொண்டவர்களில் பலர் வலி குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். குறைத்தது கத்தியா, நம்பிக்கையா? அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்திலுள்ள முன்னாள் போர்வீரர்களின் ஆஸ்பத்திரியில் டாக்டர் மோஸ்லியும் அவருடைய சகாக்களும் அந்தச் சிகிச்சைக்கே ஒரு பரீட்சை வைத்தார்கள். 180 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதற் பிரிவினருக்குக் கழுவிச் சீவினார்கள். இரண்டாம் பிரிவினருக்குக் கழுவுதல் மட்டும். மூன்றாம் பிரிவினருக்கோ தோலில் சிறு கீறல்கள் போட்டதோடு சரி, மூட்டைத் தொடவேயில்லை. ஆயினும் டாக்டர் வழக்கம்போல் கருவிகளைக் கேட்டு வாங்கினார். நீர் தெறிக்கும் ஓசை கூட எழுப்பப்பட்டது!

இது வஞ்சனை ஆகாதோ என்று நேயர்கள் ஐயுறலாம். தமக்குப் பொய்ச் சிகிச்சையே கிடைக்கக் கூடும் என்பதை அறிந்திருப்பதாக ஒவ்வொருவரும் முன்னதாகவே தம் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தனர். அழைக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மறுத்தும்விட்டனர்.

முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகள் கவனித்தும், வலியிலோ நடையிலோ, கத்தி பட்ட முழங்கால் படாததைவிட மேலாகத் தேறவில்லை. 2013-இல் பின்லாந்து தேசத்து டாக்டர்களும் இத்தகைய பரீட்சை ஒன்றின் முடிவை வெளியிட்டார்கள். முழங்காலில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் கிடக்கும் குருத்தெலும்பு வட்டு, வயது ஏற ஏறத் தானாகவே கிழிவதுண்டு. அவ்விதம் கிழிந்த 146 பேரிடம் உண்மைச் சிகிச்சையையும் பொய்ச் சிகிச்சையையும் ஓராண்டு ஒப்பிட்டுப் பார்த்ததில், வேற்றுமை காணவில்லை. பந்தாட்டத்தில் அடிபட்டு, கிழிந்த துண்டு சிக்கி, காலை நீட்டவே இயலாமற்போன இளைஞர்களுக்கு இம்முடிவு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எலும்பு முறிவிலும் இத்தகைய படிப்பினை உண்டு. தோளருகே மேற்கை எலும்பு முறிந்து விலகிய 250 பேரைப் பிரிட்டனில் இரண்டு ஆண்டுகள் கவனித்தனர். ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், கையைத் தூளியில் தொங்கவிட்டுப் பிறகு பயிற்சி செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர் என்று 2015-இல் தெரிவித்தார்கள்.

அப்படியானால் கத்தியைக் கட்டி வைத்துவிடலாமா? கூடாது. அதே 2015-இல் டென்மார்க்கிலிருந்து வெளியான ஆராய்ச்சியைப் பாருங்கள். மூட்டு மாற்றும் நிலைக்கு வந்துவிட்ட 100 பேரில் பாதிப்பேருக்குச் செயற்கை மூட்டு வைத்து, பின்னர் தேகப் பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு முதலியவற்றையும் அளித்தனர். மற்றப் பாதிப்பேருக்குப் பயிற்சி முதலியவை மட்டுமே. செயற்கை மூட்டு பெற்றவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது; ஆனால் கடுமையான உபத்திரவங்களும் அவர்களுக்கே அதிகம் நேர்ந்தன. மற்ற 50 பேரில் அவ்வாண்டுக்குள் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் 13 பேர்தாம்! முதலில் பயிற்சி, போதாவிட்டால் மூட்டு என்னும் முறை எத்தனையோ பேருக்குப் போதுமானது.

தாமதமே செய்யக் கூடாத இடம் ஒன்று உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்குத் தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிடுகிறது. "இந்த வயதில் ஆபரேஷன் தாங்குமா?" என்று அஞ்சி, புத்தூர்க் கட்டுப் போட்டுப் படுக்கவைத்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. கட்டினால் கூடும் எலும்புகள் உண்டு. இது அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. எலும்பின் கழுத்து முறிந்தால் அதன் தலைக்கு ரத்தம் செல்லும் வழியே அறுபடக்கூடும். வாரக்கணக்காகப் படுத்தவர்களுக்கு மார்புச் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தம் உறைதல் எல்லாம் வரிசையாக வந்து சேரும். முறிவு ஆறும் முன்னே படுக்கை கொன்றுவிடும்.

நமது பாரதம் உள்பட 17 நாடுகளில், 69 ஆஸ்பத்திரிகளில், இத்தகைய 2,970 பேரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. முறிவு என்று கண்டறிந்து சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தவர்களையும், சுமார் 24 மணி நேரத்தில் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். உயிர்ச் சேதத்தில் வேற்றுமை இல்லை. ஆனால் விரைந்து செய்துகொண்டவர்களுக்குப் புத்தித் தடுமாற்றம் குறைவாயிருந்தது. அவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள். தாமதம் எனப்பட்டதே அங்கு ஒரு நாள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். பஞ்சாங்கம் பார்த்து, வெளியூர்ப் பிள்ளைகள் வரட்டும் என்று நாட்களைக் கடத்துவதற்கு இந்த ஆராய்ச்சியில் இடமில்லை.

ஆகவே, கத்தியிடம் பக்தியும் வேண்டாம், பயமும் வேண்டாம். செய்தால் என்ன பலன், செய்யாவிட்டால் என்ன ஆகும், காத்திருக்கலாமா என்னும் மூன்று கேள்விகளை மரியாதையுடன் டாக்டரிடம் கேளுங்கள். தம் சிகிச்சையைத் தாமே பரீட்சித்துத் தோல்வியையும் பகிரங்கப்படுத்திய டாக்டர்கள் உள்ள உலகம் இது. நல்ல டாக்டர் கேள்வியைக் கண்டு கோபிக்கமாட்டார். சர்க்காரையே கேள்வி கேட்டு சுதந்திரம் பெற்ற ஜனங்களுக்கு இது ஒரு பெரிய காரியமா?