மூசியில் மருந்துக் கழிவு கலக்கக் கூடாது

ஹைதராபாத்தில் கறக்கும் பாலில் ஒரு பகுதி, மூசி ஆற்றின் சாக்கடை நீரில் விளைந்த புல்லைத் தின்ற எருமைகளுடையது. அனந்தகிரி மலையில் பிறந்து வாடபல்லியில் கிருஷ்ணாவைச் சேரும் இந்த ஆற்றில், நகரைத் தாண்டியபின் கோடையில் ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீர்தான். நகரை ஒட்டிய பீர்ஜாதிகூடாவுக்குக் கிழக்கே உள்ள விவசாயிகளில் பலருக்கு வேறு பாசனம் கிடையாது. நெல் சரிவர விளையாத வயல்களில் எருமைப்புல் வளர்த்து, நகரத்து மாட்டுக் கொட்டகைகளுக்கு விற்றுப் பிழைக்கிறார்கள்.

இந்தச் சாகுபடியையே தடை செய்யச் சொல்வோருடன் நாம் உடன்படவில்லை. வீட்டுக் கழிவுநீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. ஒழுங்காகச் சுத்திகரித்தால் பயிருக்கு அது உதவும். ஆலைக் கழிவு வேறு. ஹைதராபாத்தை அடுத்த படான்செருவில் மருந்து ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சிப்ரோஃபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து அதில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு சேராது. இப்படிப்பட்ட நீரில் தப்பிப் பிழைக்கும் கிருமி நாளை எந்த மருந்துக்கும் அடங்காமல் போகலாம்.

படான்செரு ஆலைக் கழிவு கலந்த நக்கவாகு ஓடைக்கரை விவசாயிகளின் துயரம் 1990இலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு கண்ட தீர்வுகளில் ஒன்று, கழிவை 18 கிலோமீட்டர் குழாய் வழியே கொண்டுவந்து நகரச் சாக்கடையோடு சேர்த்து, மூசிக் கரையில் அம்பர்பேட்டில் உள்ள சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவது! ஓர் ஊர் விவசாயியின் வயலிலிருந்து எடுத்த நஞ்சை இன்னோர் ஊர் விவசாயியின் வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவது எப்படித் தீர்வாகும்? போதாததற்கு, சாக்கடையைச் சுத்திகரிப்பவை நுண்ணுயிர்கள். அவற்றைக் கொல்லும் மருந்தையே அங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ன நியாயம்?

திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையை நாசமாக்கியதைத் தமிழகம் கண்டது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே, கழிவுநீரை மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறைக்கு அத்தொழில் முழுமூச்சாகத் திரும்பியது. சாயத் தொழிலால் முடிந்தது மருந்துத் தொழிலால் முடியாதா?

2024 நவம்பரில் தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டி, மூசியைச் சீரமைக்கும் திட்டத்துக்கு ஆதரவு தேடி, வலிகொண்டா அருகே மூசிக் கரையில் நடந்தார். அந்தக் கரையின் விவசாயிகளுக்குப் பூங்காவும் நடைபாதையும் தேவையில்லை. எந்த ஆலைக் கழிவும், குழாயிலோ இரவில் வரும் டேங்கர் லாரியிலோ, சாக்கடையில் சேராதபடி அரசு முதலில் தடுக்கட்டும். ஆற்று நீர், புல், பால் மூன்றையும் தெலங்கானா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதந்தோறும் சோதித்து, முடிவைத் தெலுங்கில் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். கரையை அழகுபடுத்தும் செலவு அதற்குப் பின்னால் வரட்டும்.