நாவும் வீம்பும்

புதிய உணவொன்று ஒரு நாட்டிற் புகுங்கால் அதனை எதிர்கொள்வார் இருதிறத்தினர். உண்ணாமலே இகழ்வார் ஒரு சாரார். உண்டு காட்டுதலே வீரமெனக் கருதுவார் மற்றொரு சாரார். இவ்விரு சாராருள் எவரும் அவ்வுணவைச் சுவைத்தவராகார் என்பதே யான் ஈண்டுக் கூற விழைவது. இதற்கு எடுத்துக்காட்டாக, நம் விடுதி மாணவரிடையே பெரிதும் பேசப்படும் கொரிய நாட்டு ‘நெருப்புக்கோழி’ நூடுல்ஸை எடுத்துக்கொள்வோம்.

கொரிய மொழியில் ‘புல்’ என்பது தீ. ‘டாக்’ என்பது கோழி. புல்டாக் என்னும் இப்பெயரோடு சம்யாங் நிறுவனத்தார் 2012-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். உறைப்பினை அளக்கும் ஸ்கோவில் அளவையில் இதன் முதல்வகை ஏறத்தாழ 4,400 அலகு உடையது. பின்னர், இருமடங்கு மும்மடங்கு எனப் பெயரிலேயே பெருமை பேசும் வகைகளும் தோன்றின.

இவ்வுணவின் குலமுறையை ஆராயின் வியப்பொன்று தோன்றும். உடனடி நூடுல்ஸ் பசியின் பிள்ளை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியர் உணவின்றி வாடியதைக் கண்ட மோமோபுக்கு ஆண்டோ என்பார், நூடுல்ஸை எண்ணெயிற் பொரித்து அதன் ஈரத்தைப் போக்கும் முறையைக் கண்டு, 1958-இல் முதற்பொட்டலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். போரால் நலிந்திருந்த கொரியாவில் 1963-இல் இவ்வுணவை முதன்முதற் செய்தளித்தது இதே சம்யாங் நிறுவனமே. அந்நாளில் ஒரு பொட்டலத்தின் விலை 10 வோன். வறியோர் வயிற்றை நிரப்ப வந்த உணவு, ஐம்பதாண்டு கழியுமுன்னரே, வயிறு நிறைந்தோர் தம் நாவைச் சுட்டுக்கொள்ளும் விளையாட்டாயிற்று!

ஆகவே இதனை அறவே விலக்குக என்பார் சிலர். அவரோடு யான் உடன்படேன். புதுமையே குற்றமாயின் நம் அடுக்களையில் மிளகாய்க்கே இடமில்லை. அது அமெரிக்க நிலத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டிற் போர்த்துகீசியர் வழியாக இந்நாடு புகுந்தது. சங்கச் செய்யுட்களில் ‘கறி’ என வழங்கும் மிளகு உண்டு, மிளகாய் இல்லை. வந்த காய்க்குப் பெயரிடுங்கால் நம் முன்னோர் தாம் அறிந்த மிளகையே முன்வைத்து ‘மிளகாய்’ என்றனர். அச்சொல்லே அதன் புதுமைக்குச் சான்று. அன்று அவர்கள் அதனைத் தீண்டாது விட்டிருப்பின், இன்று நம் குழம்பின் நிறமும் சுவையும் வேறாயிருக்கும்.

யானும் இந்நூடுல்ஸை உண்டு பார்த்தேன். ஐந்து நிமிடம் வேகவைத்து, நீரைப் பெரும்பாலும் வடித்து, செங்குழம்பினை ஊற்றிக் கிளறி, எள்ளும் கடற்பாசித் துணுக்கும் தூவி உண்ணவேண்டும். முதற்கவளத்தில் இனிப்பும், எள்ளின் மணமும், கோழிச்சாற்றின் சுவையும் தனித்தனியே விளங்கின. நான்காம் கவளத்தின்பின் எரிவொன்றே எஞ்சியது. எள் எது, கோழி எது என நா அறியவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. மிளகாயின் காப்சைசின் என்னும் பொருள் தாக்குவது நாவின் சுவையரும்புகளை அன்று. சூட்டையும் நோவையும் உணரும் நரம்புகளையே. இவ்வுணர்ச்சிக்கு வாயிலாகும் ஏற்பியை 1997-இல் வெளிப்படுத்திய டேவிட் ஜூலியஸ் என்னும் அறிஞர், 2021-இல் நோபல் பரிசினைப் பகிர்ந்து பெற்றார். கார்ப்பினை அறுசுவையுள் ஒன்றாக எண்ணிப் பழகிய நமக்கு இது சிந்திக்கத்தக்கது. உறைப்பு அளவோடு நிற்பின் பிற சுவைகளை எழுப்பும். அளவு கடப்பின் அவற்றை மூடிவிடும். மும்மடங்கு உறைப்பை உண்டேன் எனப் பெருமை பேசுவோன், மும்மடங்கு சுவையை இழந்தேன் எனக் கூறுதலே பொருந்தும்.

இழப்பது சுவை மட்டுமாயின் யான் இதனை எழுதப் புகேன். 2024-ஆம் ஆண்டு சூன் திங்களில் டென்மார்க் நாட்டு அதிகாரிகள், காப்சைசின் மிகுதியால் தீங்கு நேருமென அஞ்சி, இந்நூடுல்ஸின் மூன்று வகைகளைக் கடைகளினின்று திரும்பப் பெறச் செய்தனர். அடுத்த திங்களில் இரண்டிற்கு இசைவளித்து, மும்மடங்கு வகையை மட்டும் விலக்கியே வைத்தனர். அமெரிக்காவில் 2023-இல், மிகக் கடிய மிளகாய் தடவிய வறுவல் ஒன்றைப் பந்தயமாக உண்ட பதினான்கு வயதுச் சிறுவன் உயிர் நீத்தான். அவனுடைய இதயம் முன்னரே குறையுடையது எனப் பின்னர்த் தெரியவந்தது. தன் உடலின் குறையைத் தானே அறியாதோர் எத்துணையர்!

விடுதிகளில் நிகழ்வது யாது? ஒருவன் முன் தட்டு வைக்கப்படுகிறது. பதின்மர் சூழ்ந்து நிற்கின்றனர். ஒருவன் கைப்பேசியிற் படம் எடுக்கிறான். வயிற்றுப்புண் உடையானும், இரைப்பு நோய் உடையானும் அக்கூட்டத்தின் நடுவே தன் நோயை எடுத்துரைக்க நாணுவான், நாணி, உண்பான். “நண்பருள் விளையாட்டுத்தானே, இதில் என்ன தீங்கு?” என்பீராயின், மறுக்க இயலாதவனோடு ஆடுவது விளையாட்டாகாது என்பதே என் விடை. உண்ணும் உரிமையைப் போன்றதே நிறுத்தும் உரிமையும்.

ஆதலின், மாணவ நண்பர்காள், புதிய சுவையை அஞ்சவேண்டா. ஒரு தட்டினைப் பலர் பகிர்ந்து, ஆளுக்கு ஒரு கவளம் கொண்டு, அருகில் ஒரு குவளைப் பாலும் வைத்துக்கொள்ளுங்கள். காப்சைசின் நீரிற் கரைவதன்று. பாலிலுள்ள புரதமோ அதனைப் பற்றி அகற்றும். வேண்டேன் என்பானை நகையாது விடுங்கள். போதும் என்பானுடைய தட்டை வற்புறுத்தாது எடுத்துவிடுங்கள். பசித்தோர்க்கென்று பிறந்த உணவினை நாம் உண்ணுங்கால், அதனைச் சுவைத்து உண்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதையாகும்.