தோன்றியது அழியாதிருக்குமா?

சர்வமத மேடைகளிலே அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம் ஒன்றுண்டு. “ஆன்மா அழிவற்றது, இதனைச் சைவரும் ஒப்புவர், கிறிஸ்தவரும் ஒப்புவர்” என்பது அது. சபையோர் கரகோஷம் செய்வர், தலைவர் அகமகிழ்வார். மாணவர் கட்டுரைகளிலும் இவ்வாக்கியம் குடிபுகுந்துவிட்டது. நல்லெண்ணத்திற் பிறந்த வாக்கியமே. ஆயினும் நல்லெண்ணம் வேறு, தெளிவு வேறு. இருவர் ஒரே சொல்லை வழங்குதலால் ஒரே பொருளைக் கருதினர் என்று கொள்ளல் இயலாது.

சைவ சித்தாந்தத்தில் ஆன்மா அநாதி. பதி, பசு, பாசம் என்னும் மூன்றுக்கும் தொடக்கமில்லை. இறைவன் ஆன்மாவைப் படைத்தானல்லன். அதற்குத் தனு, கரண, புவன, போகங்களைத் தந்து ஆட்கொள்கின்றான். தொடக்கம் இல்லாதது, ஆகவே முடிவும் இல்லாதது. இத்தருக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கிரேக்க ஞானி பிளாட்டோவும் ‘பீட்ரஸ்’ என்னும் உரையாடலில், ஆன்மா பிறவாதது, ஆதலின் இறவாதது என்றே வாதிடுகின்றார்.

கிறிஸ்து சமயமோ இவ்விரண்டையும் வேறுபிரிக்கின்றது. ஒவ்வோர் ஆன்மாவும் ஒருகாலத்தில் இல்லாதிருந்தது, இறைவனால் உண்டாயிற்று, ஆயினும் அதற்கு முடிவில்லை என்பது அச்சமயத்தாருள் மிகப் பெரும்பாலோர் கொள்கை. சித்தாந்தம் பயின்ற மாணவன் இதனைக் கேட்டால் வாளாவிருப்பானா? “தோன்றியது அழியும் என்பது நியதியன்றோ? குடம் தோன்றியது, உடைந்தது. உடல் தோன்றியது, வீழ்ந்தது. ஆன்மா மட்டும் இந்நியதிக்கு விலக்காவது எங்ஙனம்?” என்று வினவுவான். இது குறும்பு வினாவன்று. நேர்மையான வினா, நேர்மையான விடையை வேண்டி நிற்பது.

வழக்கமாகத் தரப்படும் விடை யாது? உடல் பல உறுப்புக்களாலானது, ஆகவே சிதையும்; ஆன்மா பகுதிகளற்றது, ஆகவே சிதையாது என்பர். இதுவும் பிளாட்டோவின் ‘பீடோ’வில் வரும் நியாயமே. 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் அக்குவைனஸ், அரிஸ்தோத்திலின் தத்துவத்தைத் துணைக்கொண்டு, ஆன்மா இயல்பாகவே அழியாத்தன்மை உடையதென நுட்பமாக நிறுவ முயன்றார். ஆயின் இவ்விடை முழுமையாகாது. பகுதிகள் இல்லாதது சிதையாது என்பது உண்மையே. சிதையாமலே இல்லாமற் போகலாமே! இன்மையிலிருந்து வந்தது இன்மைக்குத் திரும்புவதை எது தடுக்கும்? படைக்கப்பட்ட எதுவும் இறைவன் தாங்காதொழியின் நிலைபெறாது என்று அக்குவைனஸ் தாமே ஒப்புக்கொள்கின்றார். ஆகவே இறுதியில் விடை ஆன்மாவின் இயல்பில் இல்லை. இறைவனின் சித்தத்திலேயே உளது.

இவ்வுண்மையை அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டவர் ஒருவர் உளர். பலஸ்தீன நாட்டிலே பிறந்து, கிரேக்க தத்துவங்கள் பலவற்றையும் நாடி அலைந்து, ஈற்றிற் கிறிஸ்தவராகி, 165 ஆம் ஆண்டளவில் உரோமாபுரியில் உயிர் துறந்தவர் ஜஸ்டின். பிளாட்டோவின் மாணவராய்த் தாம் இருந்த நாளிலே கடற்கரையிற் சந்தித்த முதியவர் ஒருவரோடு நிகழ்ந்த உரையாடலை அவர் எழுதிவைத்துள்ளார். ஆன்மா தன்னியல்பால் அழியாதது எனின் அது படைக்கப்படாததாதல் வேண்டும். படைக்கப்பட்டதாயின் தானே உயிராகாது. இறைவன் வாழச் சித்தங்கொள்வதால் மட்டுமே அது வாழும் என்பது முதியவரின் வாதத்தின் சாரம். நம் மாணவன் எழுப்பிய ஆட்சேபத்தை ஜஸ்டின் மறுத்தாரல்லர். முற்றாக ஏற்றுக்கொண்டார் என்பதைக் கவனிக்க. தோன்றியது தானாக நிலைத்திராது. நிலைக்க வைப்பவன் ஒருவன் உளன் என்பதே அவர் விடை. அழியாமை ஆன்மாவின் பிறப்புரிமையன்று, கொடை.

வேதாகமமும் இதற்கே சான்று பகர்கின்றது. எபிரேய மொழியில் ‘நெபெஷ்’ என்னும் சொல் மூச்சு, உயிர், உயிருள்ள பிராணி என்னும் பொருள்களைத் தருவது. ஆதியாகமத்தின் முதலதிகாரத்தில் நீர்வாழ்வனவற்றுக்கும் விலங்குகளுக்கும் வழங்கப்படும் அதே சொற்றொடர்தான் இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்கும் வழங்கப்படுகின்றது. தமிழ் மொழிபெயர்ப்பிலோ விலங்குகள் ‘ஜீவஜந்துக்கள்’; மனிதன் ‘ஜீவாத்துமா’. ‘ஆத்துமா’ என்னும் சொல் வந்தவுடன், உபநிடத காலந்தொட்டு அச்சொல் சுமந்துவந்த பொருட்பாரமும் உடன் வந்துவிடுகின்றது. தமிழ்க் கிறிஸ்தவர், ஓரளவு தம்மை அறியாமலே, அநாதியான ஆன்மாவின் சாயலை அச்சொல்லிற் காண நேர்கின்றது. புதிய ஏற்பாட்டிலோ, சாவாமை இறைவன் ஒருவனுக்கே உரியதென்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம் கூறும். மனிதன் அதனை ஆடைபோல் அணிந்துகொள்பவன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுவார். அணியப்படுவது, அணிபவனுக்கு இயற்கையாய் அமைந்ததன்று.

1955 இல் ஹார்வார்ட் பல்கலைக் கழகத்தில் ஒஸ்கார் குல்மன் என்னும் வேத பண்டிதர் நிகழ்த்திய சொற்பொழிவு இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. சோக்கிரதீசர் நஞ்சுண்டு அமைதியாக இறந்ததையும், இயேசு கெத்செமனேயிற் கலங்கித் துயருற்றதையும் அவர் அருகருகே வைத்துக் காட்டினார். முன்னவருக்கு மரணம் விடுதலை செய்யும் நண்பன், பின்னவருக்கோ பகைவன். ஆதிக் கிறிஸ்தவரின் நம்பிக்கை ஆன்மாவின் அழியாமையிலன்று, இறந்தோரின் உயிர்த்தெழுதலிலேயே ஊன்றியிருந்தது என்பது அவர் முடிபு. அவர்மீது கண்டனங்கள் பல எழுந்தன.

கண்டனத்திலும் நியாயம் உண்டு. ஆன்மா சாவது என்று போதித்தோரை 1513 இல் இலாத்தரன் சங்கம் வன்மையாகக் கண்டித்தது. மரணத்தின்பின் ஆன்மா உறங்கிக் கிடக்கும் என்றவரை மறுத்துக் கல்வினும் நூல் எழுதினார். இறந்தோர்க்காக வேண்டுதல் செய்யும் கத்தோலிக்கரிடம் சென்று, ‘உங்கள் மூதாதையர் இப்போது இல்லை’ என்று கூறுதல் அவர்தம் சமயத்தையே மறுப்பதாகும். ஆன்மா உடலோடு அழிகின்றது என்பது என் கருத்தன்று. அது நிலைப்பது எதனால் என்பதே கேள்வி.

நிலைப்பதன் காரணம் இதுவாயின், வருவது எவ்வாறு? இங்கேதான் கிறிஸ்தவ சிந்தனையின் மிக அழகிய காட்சியொன்றைக் காண்கின்றோம். பெற்றோரின் வித்திலிருந்து உடலோடு ஆன்மாவும் வருகின்றது என்றார் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன். உடலெடுக்குமுன்னரே ஆன்மாக்கள் இருந்தன என்றார் அலெக்சாந்திரியாவின் ஒரிஜன். அதனைத் திருச்சபை 6 ஆம் நூற்றாண்டில் நிராகரித்தது. ஒவ்வோர் ஆன்மாவையும் இறைவன் புதிதாகப் படைக்கின்றான் என்றார் ஜெரோம். ஒகஸ்தீன் மட்டும் முடிவு கூறாது நின்றார்.

அவர் தயக்கம் வெறும் ஏட்டுத் தயக்கமன்று. புதிதாகப் படைக்கப்படும் ஆன்மா ஆதாமின் பாவத்துக்கு உரியதாவது எப்படி? ஞானஸ்நானம் பெறாது இறக்கும் பச்சிளங் குழந்தை என்ன குற்றஞ் செய்தது? 415 இல், பெத்லெகேமிலிருந்த ஜெரோமுக்கு இவ்வினாக்களையே எழுதி விளக்கம் வேண்டினார். நிறைவான விடை கிட்டவில்லை. சில ஆண்டுகளின் பின் விக்டர் என்னும் இளைஞன், தன் ஆன்மாவின் தோற்றத்தையே அறியாத இவரும் ஓர் ஆசிரியரா என்று எள்ளி நூல் எழுதினான். அறியாதாரைக் கால்நடைகளுக்கு ஒப்பிட்டான். 60 வயதைக் கடந்திருந்த ஆயர் சினந்தாரல்லர். அறியாததை அறியேன் என்று ஒப்புக்கொள்ளத் தாம் நாணவில்லை என்று பொறுமையோடு மறுமொழி எழுதினார். ஆனால் ஒன்றில் மட்டும் அவர் அசையவில்லை: ஆன்மா இறைவனின் கூறன்று, இறைவனாற் படைக்கப்பட்டது. எவ்வாறு வந்தது என்று தெரியாது. எவனால் வந்தது என்று தெரியும். வாழ்வின் அந்தியில் தம் நூல்களை மீள்நோக்கியபோதும், அன்றும் அறியேன், இன்றும் அறியேன் என்றே குறித்துவைத்தார். ஆன்மாக்கள் இறைவனால் நேரே படைக்கப்படுகின்றன என்பதே கத்தோலிக்க சபையின் கோட்பாடு. 1950 இல் பன்னிரண்டாம் பத்திநாதரும் அதனை மீண்டும் வலியுறுத்தினார். எனினும் ஒகஸ்தீனைக் கலங்கவைத்த குழந்தையின் வினா இன்னும் மனச்சாட்சியைத் தொடுவதே.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். இரு சமயமும் ஒன்றே கூறுகின்றன என்று கற்பிக்கவேண்டா. அநாதியான ஆன்மா இறைவனோடு என்றுமிருந்தது. அதனை மலத்தினின்று விடுவிப்பது அருள். படைக்கப்பட்ட ஆன்மாவுக்கோ இருப்பதே அருள். இரண்டும் அருளையே பேசுகின்றன. அருள் தொடங்குமிடமே வேறு. மதுரையிலிருந்து தொண்டாற்றி, முதுமையிலே சிலகாலம் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்த தத்துவ போதகர் ‘ஆத்தும நிர்ணயம்’ எழுதினார். மறுபிறப்பை மறுத்தும் எழுதினார். அவர் முடிபுகளை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் வேற்றுமையை வேற்றுமை என்று கண்டு, அதனைத் தமிழிலே வாதிக்கத் தகுந்தது என மதித்தவர் அவர். மேடையிற் கைதட்டி மறந்துவிடும் ஒற்றுமையினும், அத்தகைய வாதமே நம் அயலவர் சமயத்துக்கு நாம் செய்யும் பெரிய மரியாதை. வாதம் முட்டி நிற்குமிடத்தில், ஒகஸ்தீனைப் போல் ‘அறியேன்’ என்று சொல்லும் துணிவையும் நம் மாணவர் கற்பாராக.